தியானத்துக்குப் பிறகு வரைகிறேன். மூன்றே வாரத்தில் ‘நன்றாக’ வரைய ஆரம்பித்துவிட்டேன்

மெய்ப்புக்காரி (கேள்வி)

வணக்கம். பத்தொன்பது ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறேன். பிறர் எழுதியதில் ஒற்று மிக வேண்டிய இடத்தையும் மிகக்கூடாத இடத்தையும் தேடிச் சிவப்பு மையால் குத்துவது என் பிழைப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது என்று ஒரு சந்தேகம்.

ஏழு மாதங்களுக்கு முன்பு தூக்கம் கெட்டது. மருத்துவர் எல்லாம் பார்த்துவிட்டு, உடம்பில் குறையில்லை, முழுக்கவனப் பயிற்சி செய்து பாருங்கள் என்றார். மைண்ட்ஃபுல்னெஸ் என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அதுதான். காலையில் இருபது நிமிடம் மூச்சைக் கவனித்தபடி உட்காருகிறேன். தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்க வேண்டுமாம். என்னிடம் போய் இதைச் சொன்னால்? உள்ளே போகும் மூச்சு குறில், வெளியே வரும் மூச்சு நெடில், நடுவில் ஓர் அளபெடை என்று வகைபிரித்துக்கொண்டே இருபது நிமிடமும் போய்விடும்.

வாரம் ஒருமுறை கூடி உட்காரும் சிறு குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே ஒரு பெரியவர், “தியானத்திலிருந்து எழுந்தவுடன் யாரோடும் பேசாதீர்கள். பத்து நிமிடம் எதையாவது கிறுக்குங்கள். சொல் வருவதற்கு முன்னால் நிறம் வரட்டும்” என்றார். பன்னிரண்டு வண்ண கிரேயான் பெட்டி ஒன்றும் கோடு போடாத நோட்டு ஒன்றும் வாங்கினேன். முதல் வாரம் வெறும் சுழிகள். ஒன்பதாம் நாள் பழுப்பு கிரேயானை எடுத்தவள், அழுத்தி அழுத்தித் தேய்த்ததில் அது இரண்டாக ஒடிந்தது. மேசையிலும் கறை பட்டது. காரணம் தெரியாமல் அழுதேன். அன்றிரவு ஆறு மணி நேரம் தூங்கினேன். ஏழு மாதத்தில் முதல்முறை.

மூன்றாவது வாரத்தில் அக்காள் மகள் வந்தாள். நோட்டைப் புரட்டியவள், “சித்தி, இது அழகாக இருக்கிறதே” என்று ஒரு தாளைக் கிழித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டாள். அன்றோடு போயிற்று. இப்போது என் கை அலை வரைகிறது, இலை வரைகிறது, இலைக்கு நரம்பு வரைகிறது. நிழல் வேறு தீட்டுகிறேன்! யாரோ பார்க்கப் போகிறார்கள் என்பது கிரேயானுக்கே தெரிந்துவிட்டதைப் போல. மனத்துக்குள் ஒன்றும் நிகழவில்லை.

வரைந்த பிறகு அதைப் பார்ப்பதும் ஒரு தொல்லை. ஒன்று, பிழை தேடுகிறேன். இல்லையென்றால், கறுப்பு என்றால் சோர்வு, சிவப்பு என்றால் சினம், வலப்பக்கம் என்றால் எதிர்காலம் என்று இணையத்தில் கிடக்கும் பட்டியல்களை வைத்துக்கொண்டு குறி சொல்கிறேன். தன்னைப் பார்த்துக்கொள்வதற்கான பயிற்சி என்றார்கள். எனக்குக் கிடைப்பது மதிப்பெண் தாள், அல்லது கிளிசோதிடம்.

கேள்விகள்: அந்த ஒன்பதாம் நாளுக்கு எப்படித் திரும்பிப் போவது? வரைந்ததை எப்படிப் பார்ப்பது? முதலில் உட்கார்ந்துவிட்டு வரைய வேண்டுமா, வரைந்துவிட்டு உட்கார வேண்டுமா?

வண்ணப்பெட்டி

மண்டல ஓவியப் புத்தகம் (வட்டத்துக்குள் ஒழுங்கான வடிவங்கள் போட்டிருக்கும்) ஒன்றை வாங்கி வண்ணம் நிரப்புங்கள். கோடுகள் ஏற்கெனவே இருப்பதால் நன்றாக வரைகிறோமா என்ற கவலை கிடையாது. நான் நான்கு ஆண்டுகளாகச் செய்கிறேன், பரபரப்பு அடங்கிவிடுகிறது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

எண்ணிப்பார்ப்பவன்

வண்ணப்பெட்டி சொல்வதில் பாதி சரி. 2005இல் அமெரிக்காவில் கர்ரி, காசர் என்ற இருவர் 84 கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். முதலில் அவர்களைக் கொஞ்சம் பதற்றப்படுத்திவிட்டு, சிலருக்கு மண்டலம், சிலருக்குக் கட்டம் போட்ட வடிவம், சிலருக்கு வெறுந்தாள் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். மண்டலம் தீட்டியவர்களுக்கு வெறுந்தாள்காரர்களைவிடப் பதற்றம் நன்றாகக் குறைந்தது. ஆனால் வெறும் கட்டங்களும் மண்டலத்துக்கு ஈடாகவே வேலை செய்தன. ஆகவே வட்டத்தில் மந்திரம் எதுவும் இல்லை. ஓரளவு சிக்கலான, ஒழுங்கான வடிவம் கவனத்தைப் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். பதற்றம் தணிவதும் தன்னைப் பார்ப்பதும் வேறு வேறு காரியங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெய்ப்புக்காரி அவர்களுக்கு ஒரு மாற்றுக் கருத்து. அலையையும் இலையையும் ஏன் இப்படித் தாழ்த்திப் பேசுகிறீர்கள்? ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் என்ற உளவியலாளர்கள் சோகமான மனநிலையில் இருப்பவர்களை வரையவைத்துப் பார்த்தார்கள். சோகத்தையே வரைந்தவர்களைவிட, அதோடு தொடர்பில்லாத எதையோ வரைந்தவர்களின் மனநிலைதான் அதிகம் தேறியது. கொட்டித் தீர்த்தால்தான் ஆறும் என்பது எல்லா நேரமும் உண்மையில்லை. ஒரு தடவை அழுது ஒரு நாள் தூங்கினீர்கள். ஒன்றை வைத்துக்கொண்டு சூத்திரம் எழுதாதீர்கள்.

எல்லோரும் மேற்கோள் காட்டும் இன்னொன்று: 2016இல் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை 45 நிமிடம் கலை வேலையில் ஈடுபடுத்தி, மன அழுத்தத்தின்போது கூடும் கார்டிசால் என்ற சுரப்பின் அளவை உமிழ்நீரில் பார்த்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது, முன்பின் வரைந்து பழக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நல்ல செய்திதான். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்த ஒப்பீட்டுக் குழு ஒன்று அதில் இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. நான் சொல்லிவிட்டேன்.

கரித்துண்டு

அம்மா, உங்கள் ஒன்பதாம் நாளைப் படித்ததும் எனக்கு என் நாலாவது வாரம் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வலது தோளில் கட்டி. அறுத்தார்கள், கதிர் வைத்தார்கள், நலமாகிவிட்டேன் என்றார்கள். அதன் பிறகுதான் எனக்கு மனம் ஆட்டம் கண்டது. முழுக்கவனத்தையும் ஓவியத்தையும் கலந்த எட்டு வாரக் குழுப் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பினார்கள். இந்த எட்டு வாரக் கணக்கு, 1979இல் ஜான் கபட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சி வழியாகப் பரவியது. அதோடு ஓவியத்தைச் சேர்த்தவர்கள் பின்னால் வந்தார்கள். 2006இல் மாண்டி என்ற மருத்துவரின் குழு, புற்றுநோய் கண்ட 111 பெண்களிடம் இந்தக் கலப்பைச் சோதித்து, காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்களுக்கு மன உளைச்சல் குறைந்ததாக எழுதியது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. அன்றைக்கு நான் போனது வேறு வழியில்லாமல்.

நாலாவது வாரம். படுத்துக்கொண்டு, கால்விரலிலிருந்து உச்சந்தலை வரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனித்து முடித்தோம். எழுந்ததும், மனித உருவத்தின் வெளிக்கோடு மட்டும் போட்ட தாளைக் கொடுத்து, எங்கெங்கே என்ன உணர்ந்தீர்களோ அங்கே தீட்டுங்கள் என்றார் பயிற்சி தந்த அம்மையார். எனக்குக் கொடுத்தது கரித்துண்டு. நானும் தீட்டினேன். முடித்த பிறகு அவர் வந்து உட்கார்ந்தார். தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். “இங்கே என்ன இருக்கிறது?” என்று வலது தோளைக் காட்டினார். ஒன்றும் இல்லை என்றேன். “ஒன்றும் இல்லாத இடம் எப்படி இருக்கிறது?” என்றார். எரிச்சலாக வந்தது. ஆனாலும் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் கரியை இழுத்து அப்பியிருந்த நான், அந்தத் தோளைச் சுற்றி மட்டும் மயிரிழை போல ஒரு கோடு போட்டு, கரி உள்ளே போய்விடாமல் விரல் நுனியால் துடைத்தும் விட்டிருந்தேன். தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவன் எடுத்துவைக்கும் அடி மாதிரி. “கவனமாகச் செய்திருக்கிறேன்” என்றேன். அவர் தலையசைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் ‘ஏன்’ என்று கேட்டிருந்தால் பயத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். எனக்குப் பேச வரும். ‘என்ன’, ‘எப்படி’ என்று மட்டும் கேட்டதால் பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று, பார்க்க வேண்டியதாயிற்று. உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். தாளில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள். ‘சோகமான நீலம்’ வேண்டாம். ‘நீலம், மேலே அழுத்தமாக, கீழே வரவர மெலிதாக’ போதும். மூச்சில் எதைச் செய்யச் சொன்னார்களோ அதையே தாளில் செய்கிறீர்கள். பிழை பார்க்கிற கண் என்று அலுத்துக்கொள்கிறீர்களே, இந்த வேலைக்கு அதைவிட நல்ல கண் கிடைக்காது. ஒரு புள்ளி விட்டுப்போனால் கூடத் தெரிந்துகொள்கிற கண் அல்லவா? திருத்துகிற கையைத்தான் கொஞ்சம் கட்டிப்போட வேண்டும்.

கையைக் கட்டிப்போடச் சில உபாயங்கள். இடக்கையால் வரையுங்கள். அல்லது எதிரில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு, தாளைப் பார்க்காமல், கண் பொருளின் விளிம்பில் ஊர்கிற அதே வேகத்தில் பென்சிலையும் நகர்த்துங்கள். ஓவியப் பள்ளிகளில் மாணவர்களுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பழைய பயிற்சி இது. விளைவு கோணல்மாணலாகத்தான் வரும், யாராலும் அழகாக வரைய முடியாது. இன்னொன்று, பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, நின்றபடி, தோளிலிருந்து முழுக்கையையும் வீசிக் கிறுக்குவது. ஃபுளோரன்ஸ் கேன் என்ற ஓவிய ஆசிரியை வகுத்த முறை. அவருடைய சகோதரி மார்கரெட் நாம்பர்க்தான் அமெரிக்காவில் ஓவியச் சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். கிரேயானைவிடக் கரி உதவும். தொட்டால் கலையும். கலைகிற பொருளை வைத்துக்கொண்டு இலை நரம்பு வரைய முடியாது.

முடித்ததும் தாளைக் கவிழ்த்து வையுங்கள். பின்பக்கம் தேதி மட்டும். அன்றே பார்க்காதீர்கள். யாருக்கும் காட்டாதீர்கள். குழந்தை பாராட்டியதில் தப்பில்லை. பாராட்டு கிடைத்த இடத்துக்குக் கை தானாகப் போகும், அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாளுக்குத் திரும்ப வழி கேட்டீர்கள். இல்லை. நானும் அந்த நாலாவது வாரத்தைத் தேடி ஒன்றரை ஆண்டை வீணாக்கினேன். பத்து வலது தோள் வரைந்திருப்பேன். எல்லாம் நடிப்பு.

பயிற்சி மாணவி

ஓவியச் சிகிச்சை படித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடிக்கவில்லை. அதனால் அளவோடு சொல்கிறேன்.

நிறங்களுக்கு அகராதி கிடையாது. எங்களுக்கு முதல் பருவத்திலேயே இதைத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவருக்குக் கறுப்பு துக்கம். இன்னொருவருக்கு அது இரவில் கிடைக்கும் நிம்மதி. வரைந்தவர் சொல்லாமல் வேறு யாரும் பொருள் சொல்ல முடியாது. அந்தப் பட்டியல்களை மூடிவிடுங்கள்.

1942இல் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் ‘ஓவியச் சிகிச்சை’ என்ற பெயரை வைத்தபோது, காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்த காலத்தில் வரைந்ததால் தனக்குக் கிடைத்த தெம்பைத்தான் மனத்தில் வைத்திருந்தார். இன்று அந்தச் சொல்லுக்குப் பொருள் இறுகிவிட்டது. வரைபவர், படம், பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் என மூவரும் இருந்தால்தான் அது சிகிச்சை. நீங்கள் வீட்டில் தனியாகச் செய்வது நல்ல பயிற்சி. ஆனால் மூன்றாமவர் அங்கே இல்லை என்பது நினைவிருக்கட்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், கண்ணை மூடி உள்ளே கவனிப்பதும் கட்டுப்பாடில்லாமல் வரைவதும் சேரும்போது, சிலருக்குப் பழைய அடிகள் திடீரென்று மேலே வந்துவிடும். அப்படி வந்து மூச்சு முட்டினால் மூச்சையே கவனித்துக்கொண்டிருக்காதீர்கள். கண்ணைத் திறங்கள். பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். கையில் இருக்கும் கிரேயானின் கனத்தை, அதன் தாள் உறையின் சொரசொரப்பைக் கவனியுங்கள். அன்று அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தாளின் ஓரத்தில் முதலிலேயே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு அதற்குள் வரைவதும் சிலருக்குப் பாதுகாப்பாக இருக்கும். அழுகை ஒரு நாள் வந்து தூக்கம் கொடுத்தால் சரி. நாள்தோறும் வந்து தூக்கத்தைக் கெடுத்தால் சிகிச்சை தரும் ஆளைப் பாருங்கள், தாளை அல்ல.

வரிசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் பின்பற்றுவது: கொஞ்சம் உட்காருவது, வரைவது, மறுபடி இரண்டு நிமிடம் உட்காருவது, பிறகு பார்ப்பது. நடுவில் வரும் அந்த இரண்டு நிமிடத்தை விடாதீர்கள். யூஜின் ஜெண்ட்லின் என்ற மெய்யியலாளர், சொல்லாக மாறுவதற்கு முன்னால் உடம்பில் தெளிவில்லாமல் தங்கியிருக்கும் உணர்வைப் பற்றி நிறைய எழுதினார். லாரி ராப்பபோர்ட் அதை ஓவியச் சிகிச்சையோடு இணைத்தார். நெஞ்சிலோ வயிற்றிலோ அப்படி ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த இடைவெளி. இருந்தால் அதற்கு ஒரே ஒரு சொல் கொடுங்கள். பொருந்தவில்லையென்றால் உடம்பே சொல்லிவிடும். வேறு சொல் தேடுங்கள்.

மெய்ப்புக்காரி (பதினெட்டு நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

இடக்கை முதல் நான்கு நாள் நன்றாக வேலை செய்தது. ஐந்தாம் நாள் இடக்கையும் இலை வரையக் கற்றுக்கொண்டது. கரித்துண்டு ஐயா, சிரிக்காதீர்கள். பிறகு தாளைப் பார்க்காமல் வரைகிற முறைக்கு மாறினேன். என் கண்ணாடிக் கூட்டை வைத்து வரைந்தேன். நசுங்கிய படகு மாதிரி வந்தது. அதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்ததில், கை கொஞ்சம் இளகிற்று.

அக்காள் மகள் மறுபடி வந்து நோட்டைக் கேட்டாள். இது காட்டுகிற நோட்டு இல்லை என்றேன். முகம் சுண்டியது. சற்று நேரம் கழித்து, “எனக்கும் காட்டாத நோட்டு ஒன்று வேண்டும், சித்தி” என்றாள். வாங்கிக் கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது.

பார்ப்பது பற்றி. ‘உள்ளதை மட்டும் சொல்லுங்கள்’ என்றதை எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். மெய்ப்புக் குறிப்பு எழுதுவது போல ஒவ்வொரு தாளுக்கும் தனிச் சீட்டில் எழுதினேன். ‘பச்சை, இடமிருந்து வலம், மூன்று கோடுகள், மூன்றாவது நடுவில் நின்று மறுபடி தொடங்குகிறது.’ இப்படி. முதல் நாளிலிருந்து மொத்தம் நாற்பத்தொரு தாள். ஒரு ஞாயிறு முழுதும் ஆயிற்று. பத்துப் பன்னிரண்டு சீட்டு எழுதிய பிறகு ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தேன்: ‘கோடு ஓரத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்கிறது.’ எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பினேன். சுழி, அலை, இலை, இடக்கைக் கிறுக்கல், நசுங்கிய படகு வரை அத்தனையிலும் நான்கு பக்கமும் விளிம்பு விட்டிருக்கிறேன். அச்சுக்குப் போகிற பக்கம் மாதிரி. அளவுகோல் வைத்துக்கூடப் பார்த்தேன். பெரிதாக ஏற்ற இறக்கம் இல்லை. பயிற்சி மாணவி சட்டம் போட்டுக்கொள்ளச் சொன்னார். எனக்கு அது தேவைப்படவில்லை, பாருங்கள்.

ஒரு தாள் மட்டும் விலக்கு. ஒன்பதாம் நாள். பழுப்பு வலப்பக்க ஓரத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. மேசையில் பட்ட கறை அதன் தொடர்ச்சி. தாளை மேசைமேல் அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன், கோடு சேர்ந்துகொண்டது.

அதற்கு என்ன பொருள் என்று நான் இன்னும் எழுதவில்லை. எழுதக் கை பரபரத்தது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்த அந்த எட்டு மாதம், வீட்டில் யாரிடமும் குரல் உயர்த்தாமல் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அவர் போய் இரண்டு வாரத்தில்தான் தூக்கம் கெட்டது. முதல் பதிவில் இதைச் சொல்லவே இல்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

அடுத்த நாள் வேண்டுமென்றே ஓரத்தைத் தாண்டிப் பார்த்தேன். கரித்துண்டு ஐயா சொன்னது சரி, சுத்த நடிப்பு. அதை விட்டுவிட்டேன். ஆறு நாள் கழித்து, ஏதோ ஒரு நீலக் கோடு இடப்பக்க விளிம்புக்குள் அரை விரற்கடை தானாக நுழைந்திருந்தது. பார்த்தவுடன் அழிப்பானைத் தேடினேன், கிரேயானை அழிக்க முடியாது என்று தெரிந்தும்! மெய்ப்பில் ஒரு குறி உண்டு. அவசரப்பட்டு அடித்துவிட்ட சொல்லை மறுபடி அப்படியே இருக்கவிட வேண்டுமென்றால், அதன் கீழே புள்ளி புள்ளியாக வைத்து ஓரத்தில் ‘ஸ்டெட்’ என்று எழுதுவோம். இருக்கட்டும் என்று பொருள். அந்த நீலக் கோட்டுக்குக் கீழே புள்ளி வைத்தேன். பத்தொன்பது ஆண்டில் என் எழுத்துக்கு நானே போட்ட முதல் ஸ்டெட் அதுவாகத்தான் இருக்கும்.

தூக்கம்: பதினெட்டு இரவில் பதினோரு இரவு ஐந்து மணி நேரத்துக்குக் குறையவில்லை. மற்ற ஏழும் பழைய கதை. பயிற்சி மாணவி சொன்னபடி, ஆளைப் பார்க்கவும் நேரம் கேட்டிருக்கிறேன், அடுத்த வியாழக்கிழமை.

எண்ணிப்பார்ப்பவருக்கு: ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இலை வரைகிறேன். நரம்போடு, நிழலோடு. நன்றாகவே வரைகிறேன்.